தட்டான் குஞ்சும் பாதரசமும்

ஆலையே இல்லாத காட்டுக் குளத்து மீனில் பாதரசம் எப்படி வந்தது என்று வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடலோரத்து அகாடியா தேசியப் பூங்காவில், பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பூங்காக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளைக் கையில் வலையோடு குளத்தில் இறக்கிவிட்டதும் இந்த விவகாரத்தை முன்னிட்டுத்தான்.

நிலக்கரிப் புகையோடு ஆவியாகக் கிளம்பும் பாதரசம் பல மாதங்கள் ஆகாயத்தில் அலைந்து, மழையோடு எங்கோ இறங்குகிறது. அந்த ரூபத்தில் குடல் அதைச் சொற்பமாகவே ஏற்கும். பிராணவாயு எட்டாத சேற்றில், கந்தகச் சேர்மங்களைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களிடம் அகப்பட்டு, மெத்தில் என்னும் சிறு அணுக்கூட்டம் ஒட்டிக்கொண்ட பிறகே விஷயம் விபரீதமாகிறது. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ள, அந்த ஜோடி மெதியோனின் என்னும் வேறோர் அமினோ அமிலத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. கல்யாண வீட்டு வாசலில் தடுக்கப்பட்ட அந்நியர் ஒருவர், யாரோ பட்டு வேஷ்டி கட்டிவிட, உறவினர் ஒருவரின் கையைப் பற்றியபடி சம்பந்தி என்ற ஹோதாவில் உள்ளே நுழைந்து, பந்தியில் அமர்ந்து, பாயசத்தை மறுமுறையும் வாங்கிக்கொண்டு, தாம்பூலம் கொடுத்தும் கிளம்பாமல், பூஜையறையிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவதைப் போன்றது இது. பூஜையறை என்றது மூளையை. அங்கே இருக்கும் காவலும் அவரை மாமா என்று விளித்தே வழிவிடுகிறது.

சரித்திரமும் வேண்டுமென்பார் உண்டு. மெத்தில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களைத் தாக்கிய மினமாட்டா நோய் ஜப்பானில் 1956இல் அடையாளம் காணப்பட்டது. சேற்று நுண்ணுயிர்களின் கைவரிசையை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1969இல் எடுத்துக்காட்டினார்கள். அதற்குரிய இரு ஜீன்கள் 2013இல் அகப்பட்டன. இது போதும்.

அகாடியாக் குளத்தில் இறங்கிய பிள்ளைகள் தேடியது மீனை அல்ல, தட்டானின் லார்வாவை. முகத்தின்மேல் முகமூடிபோல் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை, இரை நெருங்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிக் கவ்வும் இந்த ஜந்து, கொசுப்புழு முதல் தலைப்பிரட்டை வரை எதையும் விடாது. இரை சேர்த்த பாதரசமெல்லாம் இதனுடலில் இன்னும் செறிவாகச் சேரும். சில இனங்கள் இறக்கை முளைக்குமுன் பல வருஷங்களை ஒரே நீர்நிலையில் கழிப்பதால், அந்தக் குளத்தின் வரலாற்றை இதனுடலில் படிக்கலாம். பறந்து திரியும் பறவையிடம் அது கிடைக்காது.

கையுறை அணிந்து பிடித்து, குடும்பம் இனங்கண்டு, நீளம் அளந்து, பையில் இட்டு உறையவைப்பதோடு பிள்ளைகளின் வேலை முடிகிறது. பாதரசத்தை அளப்பது ஆய்வகந்தான். ஆகவே சிறுவர்கள் விஞ்ஞானிகளாகிவிட்டார்கள் என்ற பத்திரிகைப் பூரிப்பு எனக்கு உவப்பாயில்லை. ஆனால், விடை முன்பே தெரிந்த பரிசோதனைகளைச் செய்து அலுத்த மாணவனுக்கு, ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி கிடைப்பது சாமானியமல்ல. அத்தனை குளங்களில் வலைபோட எந்த ஆய்வகத்திலும் ஆளும் இல்லை. அகாடியாவிலிருந்து பரவி, நூறு பூங்காக்களைத் தழுவிய இவ்வேலையின் முடிவுகள் 2020இல் வெளியாயின. லார்வாவில் பாதரசம் மிகுந்த இடங்களில் மீனிலும் தவளையினத்திலும் அது மிகுந்திருந்ததால், தூண்டிலோடு வருபவரை எச்சரிக்க எந்தக் குளத்து மீனை முதலில் அறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு லார்வாவே துப்புக் கொடுக்கும்.