பழைய பிக்கப்பைத் தாழ்த்துவதற்கு முன் ஒரு கணக்கு



வருமான வரி, வீட்டுக்கடன் என்று பேசும் என்னிடம் அண்மையில் நேயர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் 1968ஆம் ஆண்டு செவ்ரோலே சீ-10 பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதைத் தாழ்த்தி ஓட வேண்டும் என்பது மகனின் ஆசை. "சுருள்வில்லை வெட்டினால் காசில்லாமல் முடியும் எண்டு சிநேகிதப் பொடியன் சொல்லுறான். நான் காசு குடுக்கிறதோ, விடுறதோ?" என்றார் தகப்பன்.

ஊரில் நாங்கள் பாரம் ஏற்றுவதற்காக வில்லுத்தகடு கூட்டியவர்கள். பிள்ளைகளோ உயரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் வில்லை வெட்டுவதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். வெட்டிய வில் கட்டையாகி இறுகிவிடும். தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாமலும் போகலாம். நெருப்பால் சூடாக்கித் தாழ்த்தினால் உருக்கின் பதமே கெட்டுவிடும். பிள்ளை நெடுஞ்சாலையில் ஓடப்போகும் வாகனம் இது.

சரியான பாகங்கள் எவை? முன்பக்கத்தில் முதலில் யோசிக்க வேண்டியது தாழ்த்தும் ஸ்பின்டில். சில்லு பூட்டும் அந்தப் பாகத்தில் அச்சுமுனை மேலே தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 2.5 அங்குலம் இறங்கும். பழைய வில் அப்படியே இருப்பதால் அது மேலும் கீழும் அசையும் தூரம் குறையாது, ஓட்டமும் கெடாது. இன்னும் இறக்க வேண்டுமென்றால், அதற்கென்று செய்த கட்டை வில்லைச் சேர்க்கலாம்.

இங்கே ஒரு மறைந்த செலவு உண்டு. 1971இல்தான் சீ-10இன் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வழமையாக வந்தது. அதற்கு முந்தியவை டிறம் பிறேக். கடைகளில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்பின்டில்கள் பொதுவாக டிஸ்க் பிறேக்குக்கு உரியவை. ஆகவே 1968 வண்டிக்கு பிறேக்கும் மாற வேண்டும். 1970 வரை சில்லுக்கு 6 போல்ட், 1971 முதல் 5 போல்ட். எனவே சில்லுகளும் மாற வேண்டி வரலாம். ஆனால் இந்தச் செலவு வீண் அல்ல. வண்டி நன்றாக நிற்கும்.

பாகங்களின் பெட்டியில் 4/6 என்று எழுதியிருந்தால் முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 6 அங்குலம் இறங்கும் என்று பொருள். பிக்கப்பின் பின்பக்கம் இயல்பிலேயே உயர்ந்திருப்பதால் பின்னால் கூட இறக்குவார்கள்.

1967 முதல் 1972 வரையான சீ-10களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னாலும் சுருள்வில்தான். இறக்கும்போது மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அச்சை நடுவில் பிடிக்கும் குறுக்குத் தண்டு. வண்டி இறங்கினால் அது அச்சை ஒரு பக்கம் தள்ளும். நீளம் மாற்றக்கூடிய தண்டு தேவை. இரண்டு, ஷொக் அப்சோபர். பழைய நீளம் பொருந்தாது, கட்டையானது வேண்டும். மூன்று, ஏறத்தாழ 5 அங்குலத்தைத் தாண்டினால் அச்சு சேசிஸில் இடிக்கும். சேசிஸை வளைவாக வெட்டி இரும்புத் தகட்டால் பலப்படுத்த வேண்டும். இது அனுபவமுள்ள கராஜின் வேலை, வீட்டு வாசலில் செய்வதல்ல.

எல்லாம் பூட்டியபின் சில்லு அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் புது ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும்.

ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள்: பாகம், பூட்டுக்கூலி, பிறகு வரும் செலவு. வெட்டிய வில்லுக்கு முதல் வரிசையில் பூச்சியம் வரும்; மூன்றாவதில்தான் உண்மைச் செலவு தெரியும். நான்காவதாகக் காப்புறுதியையும் எழுதுங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, எழுத்தில் பதில் பெறுங்கள். மறைத்துவிட்டு விபத்தின்பின் வாதாடுவது கடினம்.

அந்தத் தகப்பனுக்கு நான் சொன்னது இதுதான்: காசைக் கொடுங்கள், ஆனால் ஸ்பின்டிலுக்கும் பிறேக்குக்கும் கொடுங்கள். முன்னால் 2.5, பின்னால் 4 அங்குலம் போதும். சேசிஸை வெட்டத் தேவையில்லை, அளவான சாமானும் ஏற்றலாம். கணக்குத் தாளை மகனையே எழுதச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.