ஆசிரியர் செய்து பார்த்தால் பிள்ளை செய்வான்

பள்ளிவிட்டு வந்ததும் உங்கள் மகன், "அம்மா, அட்டைப் பெட்டி வேண்டும், பேட்டரி வேண்டும், பழைய சைக்கிள் சக்கரம் வேண்டும்" என்று கேட்கிறானா? "புத்தகத்தை எடுக்காமல் குப்பையைப் பொறுக்குகிறாயே" என்று ஏசிவிடாதீர்கள். அதுவும் பாடந்தான்.

இடைநிலைப்பள்ளிகளில் முன்பு 'கெமஹிரான் ஹீடுப்' என்றொரு பாடம் இருந்தது நினைவிருக்கும். மரவேலை, மின்சார வேலை, சமையல், தையல் எல்லாம் அதில் அடக்கம். ஆசிரியர் செய்து காட்டுவார், பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். 2017இல் படிவம் 1இலிருந்து தொடங்கி, படிப்படியாக அதன் இடத்துக்கு 'ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலோஜி', அதாவது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்தது. இதில் பார்த்துச் செய்தால் போதாது. ஒரு தேவையைக் கண்டுபிடித்து, படம் வரைந்து, செலவைக் கணக்கிட்டு, செய்து, சோதித்து, தவறினால் திருத்த வேண்டும்.

சொல்லச் சுலபம். ஆனால் பழைய முறையில் பயின்ற ஆசிரியர் இதை எப்படி நடத்துவார்?

நம் தோட்டத்துச் செம்பனைக் குலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குலை 20 கிலோ என்று வைப்போம். மூன்று குலைகளை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றினால் 60 கிலோ. பாரத்தின் நடு சக்கரத்தின் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டரிலும், கைப்பிடி 120 சென்டிமீட்டரிலும் இருந்தால், தூக்குகிறவருக்குத் தெரியும் பாரம் 20 கிலோதான். இந்தக் கணக்கை ஆசிரியரே பலகையில் எழுதிவிட்டால் அது ஒரு பாடக் குறிப்பு. "அப்பாவுக்கு இடுப்பு வலிக்காமல் வண்டியை மாற்றுங்கள் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால், பிள்ளைகளே குலையைச் சக்கரத்துக்கு அருகே நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். இப்படி ஒதுங்கி நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமா?

இந்த முறைக்கு வழி காட்டியவர்களில் ஒரு சாரார் மருத்துவர்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், 1960களின் கடைசியில், பாடத்துக்கு முன்பே நோயாளியின் பிரச்சினையை மாணவர் கையில் கொடுத்தார்கள். நமது ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இரசாயனப் பொறியியல் பேராசிரியை கைரியா முகமட் யூசோப் அதைக் குழுக் கற்றலோடு சேர்த்து வளர்த்தார். முதலில் ஒவ்வொருவரும் தனியே யோசிப்பார்கள், பிறகு சிறு குழு பேசும், அதன்பின் வகுப்பு முழுவதும். குழுவில் ஒருவன் சுமக்க மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. பொறியியல் மாணவர்களுக்காக வளர்ந்த முறைதான், ஆனாலும் பள்ளி வகுப்புக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பத்து பஹாட் பாரிட் ராஜாவில் இன்னொன்று உண்டு. 1993இல் போலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நிலையமாகத் தொடங்கியதுதான், 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமாகியது. தொழில் கற்பிக்கிறவருக்கும் தனிப் பயிற்சி தேவை என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? விரிவுரையும் தேநீரும் சான்றிதழும் மட்டும் என்றால் பயனில்லை. ஆசிரியரே மாணவராக உட்கார்ந்து, ஒரு மின்விளக்கை எரிய வைக்க முடியாமல் திண்டாட வேண்டும். திண்டாடியவருக்குத்தான், பிள்ளை திண்டாடும்போது எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனி இலாபம் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியே வருகிற பிள்ளை, மலாய் மொழியில் தடுமாறி வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பான். அவன் கையில் ஒரு கம்பியையும் பல்பையும் கொடுத்தால் குழுவில் அவனுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. வேலையைக் காட்டிக் காட்டி மொழியும் வந்துவிடும்.

ஒன்று மட்டும். 'ஃபோலியோ'வைக் கடையில் காசு கொடுத்து அச்சடித்து வாங்கிக் கொடுக்காதீர்கள், நீங்களே செய்தும் கொடுக்காதீர்கள். கோணலாக இருந்தாலும் அவன் செய்ததே போகட்டும். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது ஆசிரியரிடம், "என்ன மதிப்பெண்?" என்பதோடு, "முதல் தடவை ஏன் சரியாக வரவில்லை, பிறகு என்ன மாற்றினான்?" என்றும் கேளுங்கள்.