காற்றும் முட்புதரும்: வறண்ட நமீபியாவின் மின்சார வழிகள்

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மிக வறண்டது நமீபியா. பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. மக்கள்தொகையோ ஏறக்குறைய 30 லட்சம்தான். ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறுகள் அதன் எல்லைகளில் மட்டுமே உண்டு, உள்நாட்டில் ஒன்றுகூட இல்லை. வடக்கு எல்லையில் குனேனே ஆற்றின் மேல் அமைந்த ருவக்கானா நீர்மின் நிலையத்தின் திறன் 347 மெகாவாட். ஆறு பிறக்கும் அங்கோலாவில் மழை பொய்த்தால் அதன் உற்பத்தி சரிந்துவிடும். பற்றாக்குறைக்குத் தென்னாப்பிரிக்கா முதலிய அண்டை நாடுகளிடம் மின்சாரம் வாங்க வேண்டும். பல ஆண்டுகளில் நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல் இப்படித்தான் வந்திருக்கிறது.

வெயிலுக்கு அங்கே குறைவில்லை. சூரிய மின் நிலையங்கள் பெருகியும் வருகின்றன. ஆனால் வீடுகளில் விளக்கு எரியும் நேரத்தில் சூரியன் இருப்பதில்லை. அந்த நேரத்துக்குக் கைகொடுக்க நமீபியாவிடம் இரண்டு வளங்கள் உள்ளன. ஒன்று, தென்மேற்குக் கடற்கரையின் காற்று. மற்றொன்று, பாலை நாட்டில் யாரும் எதிர்பார்க்காத விறகு.

நமீபியக் கடற்கரையை ஒட்டி ஓடும் பெங்குவேலா நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. கடலின் மேல் உள்ள காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, சில கிலோமீட்டர் உள்ளே நமீபுப் பாலைவனம் கொதிக்கிறது. தென் அட்லாண்டிக்கின் நிலையான உயரழுத்தமும் இந்த வெப்ப வேறுபாடும் சேர்ந்து தெற்கிலிருந்து கடுங்காற்றைத் தள்ளுகின்றன. பிற்பகலில் அது உச்சத்தைத் தொடும். லூடரிட்ஸ் என்ற சிறு துறைமுக நகரில் இந்தக் காற்றுக்காகவே மணலில் நீண்ட கால்வாய் வெட்டி, நீர்ச்சறுக்கு வேகப் போட்டி நடத்துகிறார்கள். 2010இல் அங்கே ராப் டக்ளஸ் என்ற அமெரிக்கர், காற்றில் பறக்கும் பட்டம் இழுக்க, 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 55.65 நாட் வேகத்தில் கடந்தார். அது மணிக்கு 103 கிலோமீட்டர்!

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். விநாடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தைவிட 8 மீட்டர் வீசும் இடத்தில் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே நாடு முழுவதற்குமான சராசரிக் காற்று என்னவென்று கேட்பதில் பொருளில்லை. நல்ல இடம் எது என்பதுதான் கேள்வி. கடற்கரைக்கு இன்னொரு சாதகமும் உண்டு. வெப்பக் காற்று லேசானது. 45 டிகிரி செல்சியஸில் அதன் அடர்த்தி 15 டிகிரியில் உள்ளதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு, கிடைக்கும் மின்சாரமும் அந்த அளவு குறையும். லூடரிட்ஸின் குளிர்ந்த காற்றுக்கு அந்தக் குறை இல்லை. காற்றாலைக்கு நீராவி வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டாம். வறண்ட நாட்டில் இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

தொல்லைகளும் உண்டு. பறந்து வரும் மணல் இறக்கைகளின் முன்விளிம்பை அரித்து வழவழப்பைக் கெடுக்கும். கடலின் உப்பு உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். லூடரிட்ஸுக்கு அருகே, வைரத்துக்காக உருவாகிக் கைவிடப்பட்ட கோல்மான்ஸ்கோப் ஊரில் வீட்டு அறைகள் பாதி உயரத்துக்கு மணலால் நிரம்பிக் கிடக்கின்றன. அதே மணலுக்கு நடுவேதான் காற்றாலைக் கோபுரங்களும் நிற்க வேண்டும். தலைநகர் விந்தூக் அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவு. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணையான ஓம்பெப்போ 2017இல் லூடரிட்ஸ் அருகே எழுந்தபோது அதன் திறன் 5 மெகாவாட் மட்டுமே. காற்று எவ்வளவு வீசினாலும், அதைச் சுமந்து செல்லும் உயரழுத்த மின்பாதை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பயன்.

விறகு கிடைப்பது நாட்டின் மறுகோடியில். வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த மேய்ச்சல் நிலங்களை முட்புதர் மூடிவிட்டது. 2.6 கோடி ஹெக்டேர் என்றது பழைய மதிப்பீடு; பிந்தைய மதிப்பீடு 4.5 கோடி, அதாவது நாட்டின் பாதிக்கு மேல். வேலி போட்ட பண்ணைகளில் மாடுகள் புல்லை மட்டும் மேய்ந்தன. புதரை மேய்ந்தும் முறித்தும் வந்த யானை, காண்டாமிருகக் கூட்டங்கள் வேட்டையால் அருகிவிட்டன. இளஞ்செடிகளைப் பொசுக்கிவந்த காட்டுத்தீயும் அணைக்கப்பட்டது. புல் தோற்றது, முள் வென்றது.

பரவிய புதர்களில் ஒன்று தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் உள்ள விடத்தேரை. பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகப் பூக்கும் முட்செடி. இத்தகைய புதர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் மழைநீர் நிலத்தடிக்கு இறங்குவது குறைகிறது. ஒரு பண்ணை தாங்கக்கூடிய மாடுகளின் எண்ணிக்கையும் சரிகிறது. திறந்த வெளியில் ஓடி இரை பிடிக்கும் சிவிங்கிப்புலிகளுக்கு முள் குத்திக் கண் போகிறது. 2022இல் இந்தியாவின் குனோ பூங்காவுக்கு வந்த எட்டு சிவிங்கிப்புலிகளின் தாயகம் இந்த நாடுதான். ஓச்சிவரோங்கோ அருகே இயங்கும் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் வெட்டிய புதரை அரைத்து, அழுத்தி, எரிகட்டியாக விற்கிறது. ஓடாவி அருகே உள்ள ஓஹொரோங்கோ சிமென்ட் ஆலையின் சூளையிலும் இந்த மரத்துண்டுகள் நிலக்கரியோடு எரிகின்றன.

மின்சாரத்துக்கு இதே விறகு எவ்வளவு வேண்டும்? சிறிய நீராவி நிலையத்தில் ஒரு கிலோ உலர்ந்த விறகுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கிடைக்கும். அரசு மின் நிறுவனமான நாம்பவர், சுமேப் நகரருகே ஓச்சிகோட்டோ என்ற பெயரில் 40 மெகாவாட் நிலையத்துக்குத் திட்டமிட்டது. அது முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 டன் விறகு தேவைப்படும். தூரம் கூடினால் லாரி டீசலே லாபத்தைத் தின்றுவிடும் என்பதால் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலங்களிலேயே வெட்டியாக வேண்டும். நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதில் விசிறிக் காற்றைப் பயன்படுத்தலாம். வெயில் நாளில் உற்பத்தி சற்றுக் குறையும். தண்ணீர் மிஞ்சும் என்பதால் அந்த இழப்பு ஏற்கத்தக்கதே.

இங்கே ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். வறண்ட நாட்டில் எரிப்பதற்கென்றே பாசனம் செய்து மரம் வளர்ப்பது தண்ணீரைக் கொளுத்துவதற்குச் சமம். நமீபியாவின் திட்டம் நியாயமாவது, புதர் ஏற்கெனவே மிகையாகவும் கேடாகவும் இருப்பதால் மட்டுமே. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் சீமைக்கருவேலத்தைக் கரியாகவும் விறகாகவும் பயன்படுத்துவதன் நியாயமும் இதுவே. வெட்டிய கட்டையிலிருந்து புதர் மீண்டும் துளிர்க்கும். கவனிக்காமல் விட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய நிலைக்கு வந்துவிடும். மின் நிலையத்துக்கு அது நல்ல செய்தி, மேய்ச்சல்காரருக்குக் கெட்ட செய்தி. ஆகவே வெட்டுவதோடு நிறுத்தாமல் பெரிய மரங்களை விட்டுவைத்து, துளிரை அடக்கி, புல் திரும்பும்வரை நிலத்தைப் பராமரிக்கும் செலவும் யூனிட் விலையில் சேர வேண்டும்.

அப்படிச் சேர்த்தால் விறகு மின்சாரம் காற்று மின்சாரத்தைவிட விலை கூடும். ஆனால் காற்று தன் நேரத்தில்தான் வீசும். விறகோ குவியலாகக் காத்திருக்கும். குனேனே வற்றும் மாதங்களிலும் காற்று ஓய்ந்த இரவுகளிலும் கொதிகலனை மூட்டினால் போதும். அந்த நேரங்களுக்கான மின்சாரத்தைத்தான் அண்டை நாடுகளிடமிருந்து மிக அதிக விலைக்கு வாங்க நேர்கிறது.