பழைய பேப்பர்காரருக்குப் போட்டியாக ஒரு முத்தையா

நூலகம் என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பார்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அது ரொம்பக் கஷ்டம். தமிழறிஞர்கள் பதிப்பித்த கனமான நூல்கள் இருக்கட்டும், அவை எங்கேயும் கிடைக்கும். இங்கே சினிமாப் பாட்டுப் புத்தகம் இருக்கிறது! நாடக நோட்டீஸ் இருக்கிறது! சாமி படம், கிராமபோன் தட்டு, குஜிலிக் கடையில் காலணா அரையணாவுக்கு விற்ற கொலைச் சிந்து! அப்புறம் யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை. ஒன்றிரண்டு அல்ல, கத்தை கத்தையாக.

இதற்கெல்லாம் வித்திட்டவர் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. பேராசிரியர் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. சென்னையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிய ஓவியர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, 1950 வாக்கில் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை. பிறகு ஊருக்கே திரும்பி, வீட்டையே நூலகமாக்கினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, சம்பளமும் கிடையாது. அபூர்வமான புத்தகம் தேடுகிற ஆய்வாளர்கள் கோட்டையூருக்கு பஸ் ஏறினார்கள். 1992-இல் அவர் காலமானபோது சேர்ந்திருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. அதில் பாதிதான் புத்தகம்.

அந்த மீதிப் பாதிதான் எனக்கு வெல்லக்கட்டி.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பிரிபட்டபோது என்ன நடந்தது என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்தாலே புரியும். பர்மாத் தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, எனாமல் பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு, வாங்க ஆளும் உண்டு. பரணில் கிடந்த காகிதத்தை யார் கேட்டார்கள்? எடைக்குப் போடுவார்கள், இல்லாவிட்டால் வெந்நீர் அடுப்பு. முத்தையா கைநீட்டியது அங்கேதான்.

ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுங்கள். சும்மா வாழ்த்திவிட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பத்திரிகையென்றால் பெயருக்கு முன்னால் நீளமாக இனிஷியல் வரிசை இருக்கும். அதுதான் குடும்பத்தின் விலாசம், வட்டிக் கடையின் அடையாளமும் அதுவே. மூலையில் ரங்கூன் என்றோ பினாங்கு என்றோ இருந்தால் கடை எந்தக் கரையில் நடந்தது என்று தெரிந்துவிடும். எந்தக் கோயில் பிரிவு என்பது உறவுமுறையைச் சொல்லிவிடும். யார் நாதஸ்வரம், யார் கச்சேரி என்று போட்டிருந்தால் அந்த வருஷம் எந்த வித்வானுக்குக் கிராக்கி என்பதும் வெளியே வந்துவிடும். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்! அச்சு வரலாறு எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். மாப்பிள்ளை பெண் பெயரை அவர் பார்க்கவே மாட்டார், பாவம்.

இப்போது பின்கட்டுக்கு வாருங்கள். பழைய காகிதத்துக்கு வெளி எதிரி ராமபாணப் பூச்சியும் கரையானும். உள் எதிரி அதைவிடப் பொல்லாதது. மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் ஊறியிருக்கிறது. தாள் தானாகவே பழுத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். கோட்டையூர் போன்ற ஊரில் மின்விசிறியும் அந்துருண்டையும் இருந்தாலும் இதற்கு என்ன செய்ய முடியும்? தாள் காக்கிறவர்கள் முதலில் துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றுவார்கள். மென்தூரிகையால் தூசு தட்டி, அமிலத்தை முறித்து, கிழிசல்மேல் ஜப்பானிய மெல்லிழைத் தாளைப் பசை தொட்டுப் படிய வைப்பார்கள். ஒட்டியது கண்ணுக்கே தெரியாது, எழுத்து அதன் வழியாகப் பளிச்சென்று தெரியும். பிறகு படம் பிடிப்பது. தும்மல் வருகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நிற்கவும்.

இந்தப் பக்குவமெல்லாம் கிடைத்தது ஒரு வினோதமான திருப்பத்தால். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் இந்தத் தொகுப்பை வாங்கியது. கப்பலேற்றிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களோ மூலத்தைச் சென்னையிலேயே வைத்து, நுண்படப் பிரதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மொழி அறக்கட்டளையோடு சேர்ந்து நூலகம் அமைந்தது. இயக்குநராக இருந்தவர்களில் சு. தியடோர் பாஸ்கரனும் ஒருவர். பாட்டுப் புத்தகத்தையும் நாடக நோட்டீஸையும் சரித்திரச் சான்றாக மதித்த ஆய்வாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது என்ன பொருத்தம்!

கட்டடத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. 2007-இல் இங்கேயே சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கியது, ஐராவதம் மகாதேவன் அதற்கு வழிகாட்டினார். சிந்துவெளி நகரமான குஜராத்தின் தோலாவிராவில் கோட்டை வடக்கு வாசலருகே ஒரு பெரிய பலகையின் எச்சம் கிடைத்ததே, நினைவிருக்கிறதா? ஜிப்சம் துண்டுகளை மரத்தில் பதித்து உருவாக்கிய பத்துக் குறிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ உயரம். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதத்தில் அதை இன்னும் யாரும் படித்துக் காட்டவில்லை. பெயர்ப் பலகைக்காரர் முத்தையா இருந்திருந்தால் அர்த்தம் கேட்டிருக்க மாட்டார், எழுத்துக்கு நடுவே இடைவெளி சரியாக விட்டிருக்கிறானா என்றுதான் முதலில் அளந்திருப்பார்.