பத்து வருஷமா கான்டாக்ட் லென்ஸ் போடுறீங்களா? லேசிக் பரிசோதனைக்கு முன் இதைக் கவனிங்க!

"பத்து வருஷமா லென்ஸ் போடுறேன். இனிமே லேசிக் பண்ண முடியாதாமே?" பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. லென்ஸ் போட்ட வருடக் கணக்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. எப்போது கழற்றினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகிறீர்கள் என்று வையுங்கள். லென்ஸ் போட்டபடியே போனால், "கழற்றிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் கூலியும் பஸ் செலவும் வீண்!

ஏன் இந்த இடைவெளி? கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுக்கிறது. லென்ஸ் அதைக் குறைப்பதால் கருவிழி லேசாக வீங்கலாம்; லென்ஸ் அழுத்துவதால் அதன் வளைவும் மாறலாம். லேசிக்கில் இந்த வளைவைத்தான் லேசரால் சீவுகிறார்கள். அளவு தப்பினால் சீவுவதும் தப்பும். சீவியது திரும்ப வளராது.

சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது 2 வாரம், காற்று புகும் ரிஜிட் லென்ஸுக்கு 3 வாரம், பழைய ஹார்டு லென்ஸுக்கு 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு. ரொம்ப வருடம் போட்டவர்களுக்கு இன்னும் கூடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லென்ஸால் வளைவு மாறிய கருவிழி, ஸ்கேன் படத்தில் சில நேரம் 'கெரட்டோகோனஸ்' போலவே தெரியும். இது கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய். உண்மையிலேயே இருந்தால் லேசிக் கூடாது. அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி அளக்கிறார்கள். லென்ஸ் செய்த மாற்றம் என்றால் படம் மெல்லச் சரியாகும். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறையும் வரச் சொல்வார்கள். சலிச்சுக்காதீங்க.

கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். சீவிய பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். பவர் கூடக்கூட அதிகம் சீவ வேண்டியிருக்கும். லென்ஸால் கண் வறண்டிருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. ஏனென்றால் லேசிக்குக்குப் பிறகு சில மாதம் வறட்சி கூடும்.

ஆகாய கங்கை அருவியில் குளிக்கப் போனாலும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரில் வாழும் அகந்தமீபா கிருமி கருவிழியில் தழும்பு போட்டுவிட்டால், லேசிக் அல்ல, பார்வையே கேள்விக்குறி.

கிளம்பும் முன் மருத்துவமனைக்கு போன் போட்டு, என்ன லென்ஸ், எத்தனை வருடம் என்று சொல்லி, நிறுத்த வேண்டிய தேதியைக் கேளுங்கள். அதுவரை போட இப்போதைய பவரில் ஒரு கண்ணாடி வேண்டும். பழைய கண்ணாடியோடு மலைப்பாதையில் பைக் ஓட்டாதீங்க.