கொடுக்க ஒன்றும் இல்லாதவருக்கும் ஒரு துண்டு

மரக்காணம் உப்பளக் கரையில் மழைக்காலம் வந்தாலே கரண்டும் போகும், சிக்னலும் போகும். பெரிய கோப்பை இறக்கும்போது பாதியில் அறுந்தால், பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிட்டோரன்ட் முறையில் அந்த வேதனை இல்லை.

2001இல் பிராம் கோஹென் உருவாக்கிய இம்முறையில் கோப்பு பல துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட 20 பைட் அடையாளம், சிறிய டோரன்ட் கோப்பில் இருக்கும். வந்த துண்டு அதோடு பொருந்தினால்தான் கணினி ஏற்கும். கரண்ட் திரும்பியதும் மிச்சத் துண்டுகளை மட்டும் கேட்கும். வாங்கிய துண்டுகளை அப்போதே பிறருக்கும் கொடுக்கும். ஆள் சேரச் சேர, சர்வர் திணறுவதற்குப் பதில் வேகம் கூடுகிறது.

எந்தத் துண்டு முதலில்? கூட்டத்தில் மிகக் குறைவானவர்களிடம் இருப்பதுதான். அதை வைத்திருப்பவர் திடீரென விலகினாலும் கோப்பு முழுமை இழக்காதிருக்க இந்த ஏற்பாடு. தனக்குக் கொடுப்பவருக்கே திருப்பிக் கொடுப்பது இன்னொரு விதி. அப்படியானால் கையில் எதுவும் இல்லாமல் புதிதாக வருபவர் என்ன செய்வார்? அவருக்காகவே, சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை யாரேனும் ஒருவருக்குக் கணக்குப் பார்க்காமல் வாய்ப்புத் தரப்படுகிறது. முழுக்க முழுக்கக் கணக்கில் ஓடும் ஒரு நிரலில் இந்தத் தாராளத்தைக் காணும்போது மனம் நிறைகிறது.

நம் ஊரில் டோரன்ட் என்றாலே திருட்டுப் படம்தான் நினைவுக்கு வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2012இல் ‘3’, ‘தம்மு’ படங்களுக்காக சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையைக் காட்டி, டோரன்ட் தளமான பைரேட் பேயை மட்டுமல்ல, வீடியோ பகிரும் தளமான விமியோவையும் இணைய நிறுவனங்கள் முழுதாக முடக்கின. திருட்டுப் பிரதி இருக்கும் முகவரியை மட்டும் தடுத்தால் போதும், தளத்தையே மூட வேண்டாம் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மிகச் சரியான வேறுபாடு அது. உழைத்து எடுத்த படத்தைத் திருடுவது குற்றம்; துண்டு துண்டாய்ப் பகிரும் முறை குற்றமல்ல.

அதற்குச் சான்றாக, அதே ஆண்டு ஆகஸ்டில் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை டோரன்ட் வழியாகத் திறந்துவிட்டது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் தம் தமிழ் மின்னூல்களை ஏற்றி வைப்பதும் அங்கேதான். ஆர்க்கைவ் தன் சர்வர்களையும் டோரன்ட்டில் ஒரு மூலமாகச் சேர்த்திருப்பதால், வேறு எவரும் இணைப்பில் இல்லாத நேரத்திலும் நூல் இறங்கும்.