கம்பிக்குள் சிக்கும் துகள்: மீக்கடத்தி ஆய்வின் பின்னணியில் ஒரு திருப்பத்தூர்ப் பெயர்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். சுற்றிப்போக வழி இல்லாத இடத்தில் லோரியும் பேருந்தும் அப்படியே நின்றுவிடும். மெல்லிய உலோகக் கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரானுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

எந்தக் கம்பியும் முழுத் தூய்மையானது அல்ல. சில அணுக்கள் இடம் மாறியிருக்கும். வேற்று அணுக்கள் கலந்திருக்கும். இதையே ஒழுங்கின்மை என்கிறார்கள். எலெக்ட்ரான் அலைபோலவும் நடந்துகொள்ளும். அந்த அலை ஒவ்வொரு குறையிலும் மோதிச் சிதறும். சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து, முன்னேறும் அலையை அழித்து, எலெக்ட்ரானை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும். 1958-இல் இதை எடுத்துச் சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். 1977-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

1979-இல் ஆண்டர்சனோடு மேலும் மூவர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மெல்லிய கம்பியில் சிறிதளவு ஒழுங்கின்மையே எலெக்ட்ரானைச் சிக்கவைக்கப் போதும். கனமான உலோகத்தில் மட்டுமே அது தப்பிச் செல்ல முடியும் என்றது அது. அந்த நால்வரில் ஒருவர் டி. வி. ராமகிருஷ்ணன். அவர் பெயரின் முதலெழுத்து திருப்பத்தூரைக் குறிக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர்.

மீக்கடத்தியில் கதை சற்று மாறுகிறது. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அது. 1911-இல் பாதரசத்தில், மைனஸ் 269 பாகை செல்சியஸ் அளவில், இத்தன்மை முதலில் கண்டறியப்பட்டது. இதற்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் செல்கின்றன. காந்தத்தன்மை இல்லாத சிறு அழுக்குகள் அந்த ஜோடிகளை எளிதில் பிரிப்பதில்லை.

ஆனால் வெப்பமோ கதிர்வீச்சோ பட்டால் சில ஜோடிகள் உடையும். அப்போது தனித்துத் திரிபவை 'குவாசி துகள்கள்' எனப்படும். மெல்லிய மீக்கடத்திக் கம்பியில் ஒழுங்கின்மை இருந்தால் இவை பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. சில சிறப்பு வகைக் கம்பிகளில் மட்டுமே விதிவிலக்கு உண்டு.

இது ஏன் முக்கியம்? மீக்கடத்திகளால் உருவாகும் குவாண்டம் கணினிகளில், தனித்துத் திரியும் இத்துகள்கள் கணக்கைக் குலைத்துவிடும். அவை எங்கே சிக்கும், எவ்வளவு நேரம் சிக்கியிருக்கும் என்று தெரிந்தால்தான் அவற்றை முக்கிய இடங்களிலிருந்து விலக்கி வைக்க முடியும். கம்பியின் குறையை முழுவதும் நீக்க முடியாதபோது, அதன் போக்கைப் புரிந்துகொள்வதே வழி. இயற்பியல் பயிலும் நம் மாணவர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு.